நாற்பதில் போய் அறுபதில் திரும்பியவர்

என் கணவர் கடைசியாகக் கார் ஓட்டிய அன்று மாலை நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் இருந்தேன். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பையை எடுக்கும்போது போன் வந்தது. "பொம்மனஹள்ளி தாண்டி ரோட்டோரமா நிக்கிறன். நீ கெளம்பி வா" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஒன்றும் ஆகவில்லை, வந்தால் போதும் என்றார். குரலில் பதற்றம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஓசூர் ரோட்டில் வழக்கமான நெரிசல். இடது ஓரத்தில் ஒரு டயர்க் கடைக்கு முன்னால் அவருடைய வெள்ளைக் கார் இண்டிகேட்டர் விளக்குகள் மின்ன நின்றுகொண்டிருந்தது. கம்பெனி ஆட்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. கார் முதலாளியுடையது. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்:

"எடது பக்கம் ஒண்ணுமே இல்ல எனக்கு. பைக்குக்காரன் வந்ததே தெரியல. கண்ணாடியில இடிச்சதும்தான் தெரிஞ்சிது."

அந்தப் பையனுக்கு அடி ஒன்றுமில்லை. கன்னடத்தில் நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருக்கிறான். உடைந்தது பக்கக் கண்ணாடி மட்டும்தான். ஆனால் இவர் அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவில்லை. முதலாளிக்குப் போன் செய்து ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார். அந்த ஆள் வந்ததும் சாவியைக் கொடுத்து, பிரேக் கொஞ்சம் தாழ்ந்து பிடிக்கும், பார்த்து ஓட்டு என்று சொன்னார். நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணில் பிரஷர் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பல வருஷமாக வலியே இல்லாமல் நரம்பைத் தின்றிருக்கிறது. பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. டாக்டர் கன்னடத்தில் பேசினார். நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தமிழும் கன்னடமும் ஒன்றுதான். என் கணவர் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வழி கேட்கும் அளவுக்குத்தான் அவருக்குக் கன்னடம். அதனால் டாக்டர் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றலாமாம் என்பதை முதலில் சொன்னேன். போனது திரும்பாது என்பதை ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்காமல், "அதான் அவர் மூஞ்சியிலயே தெரிஞ்சிதே" என்றார். முகம் தெரியும் அளவுக்கு நடுவில் பார்வை இன்னும் இருந்தது.

கல்யாணமாகி எங்களுக்கு அப்போது மூன்றாவது வருஷம். குழந்தை பற்றி வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். இந்த நோய் வம்சத்தில் வரலாம் என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு தானாக நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை.

சில மாதங்கள் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். காலையில் நான் கிளம்பும்போது கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மாலை திரும்பும்போதும் அப்படியே இருப்பார். இடையில் சாப்பிட்டதற்கு அடையாளமாகத் தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஊனச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான் ஏதோ ஒன்று மாறியது. எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு முழுசாகவே பார்வை இல்லை. ஒரு வங்கியில் கிளார்க்காக இருக்கிறாராம். வரிசை நகரும்வரை அவரோடு இவர் பேசிக்கொண்டே இருந்தார். வங்கித் தேர்வில் பார்வை இல்லாதவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வயதிலும் சலுகை உண்டு, கேள்வியைப் படித்து விடையைக் குறிக்கத் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றெல்லாம் அந்தப் பெண் சொன்னார். என் கணவர் வண்டி ஓட்டிக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். அது எதற்காவது பயன்படும் என்று அவரே நினைத்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "நீ படிச்சிக் காட்றியா?" என்று கேட்டார்.

அப்படித்தான் நாங்கள் கணக்குப் போட ஆரம்பித்தோம். அவருக்கு எழுத்து நடுவில் கொஞ்சம் தெரியும், ஒரு வரியைப் பிடிப்பதற்குள் கண் வலிக்கும். அதனால் நான் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து கேள்வியை இங்கிலீஷில் படித்துப் பிறகு தமிழில் சொல்வேன். அவர் மனசிலேயே போடுவார். சதவீதம் சட்டென்று வந்தது. லாப நஷ்டம், வட்டி, வயதுக் கணக்கு எல்லாம் வந்தன. மாட்டிக்கொண்டது வேகம், தூரம், நேரம்தான். வாழ்நாள் முழுவதும் அதையே செய்தவருக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு கார் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போய், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? இதுதான் கேள்வி. ஐம்பது என்றார். நாற்பத்தெட்டு என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"எப்டி? நாப்பதும் அறுபதும் சேந்தா நூறு. பாதி அம்பது."

நூற்று இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். போக மூன்று மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மொத்தம் இருநூற்று நாற்பது கிலோமீட்டரை ஐந்தால் வகுத்துக் காட்டினேன். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மனசு ஒப்பவில்லை. அவன் ஏன் போகும்போது மெதுவாகப் போனான் என்று கேட்டார். சவாரி இருந்திருக்கும், திரும்பும்போது வண்டி காலியாக இருந்திருக்கும் என்று அவரே பதிலும் சொன்னார். எந்த ரோடு, எந்த நேரம் என்று கேட்டார். பிறகு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

அதன் பிறகு அந்தப் பாடம் வந்தாலே விட்டுவிடச் சொன்னார். நானும் பக்கங்களைத் தள்ளிப் படித்தேன். ரயில் வந்தால் தள்ளினேன், படகு வந்தால் தள்ளினேன். சில வாரங்கள் கழித்து அவரே கேட்டார்: "எத்தன கேள்வி வரும் அதுல?" இரண்டோ மூன்றோ வரும் என்றேன். எங்களால் அதை விட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "சரி, படி" என்றார்.

இந்தக் கணக்குகளை எல்லோரும் முதலில் ஒரு கோடு போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். இந்த முனையில் ஒருவன், அந்த முனையில் ஒருவன், நடுவில் தூரம். அவருக்குக் கோடு தெரியாது. அதனால் நான் ஓர் அட்டையில் தடித்த நூலை இழுத்து ஒட்டி, இரண்டு முனையிலும் சட்டைப் பித்தானைத் தைத்தேன். இரண்டு ஊர்களுக்கு நடுவே தொண்ணூறு கிலோமீட்டர், ஒருவன் இருபதில் வருகிறான், இன்னொருவன் இருபத்தைந்தில் வருகிறான், எப்போது சந்திப்பார்கள் என்று படித்தேன். அவருடைய விரலை ஒரு பித்தானில் வைத்துவிட்டு இன்னொன்றில் என் விரலை வைத்தேன். இரண்டு பேரும் நூலின் மேல் மெதுவாக நகர்ந்தோம். ஒரு மணி நேரம் ஆச்சு என்று சொல்லி நிறுத்தினேன். நடுவில் நாற்பத்தைந்து பாக்கி என்றார். இன்னொரு முறை நகர்ந்ததும் இரண்டு விரலும் இடித்துக்கொண்டன. "ரெண்டு மணி" என்றார். விரலை உடனே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரே திசையில் போகும் இரண்டு வண்டிகளின் வேகத்தை ஏன் கழிக்க வேண்டும் என்று எனக்குச் சூத்திரமாகத்தான் தெரியும். அவர், "லாரி முன்னாடி அம்பதுல போவுது. நீ பின்னாடி அறுபதுல போற. ஒன் கண்ணுக்கு லாரி அம்பதுலயா போவுது? பத்துலதான் ஒன்ன நோக்கி வரும். கொஞ்சம் கொஞ்சமா பெருசாவும்" என்றார். பெரிசாகும் என்று சொல்லும்போது கையை விரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கணக்கு எனக்குத் தப்பியதே இல்லை.

தேர்வுக்குத் துணையாக நான் போக முடியாது என்றார்கள். துணைக்கு வருபவர் தேர்வு எழுதுபவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டுமாம். நான் பி.காம். காக்ஸ் டவுன் சர்ச் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை என் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பிடித்தோம். ஐம்பது வயதுக்காரர், பியூசியோடு, அதாவது பிளஸ் டூவோடு, படிப்பை நிறுத்தியவர், தன்மையானவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து கேள்விகளைப் படித்துப் பழகினார். பைபிள் வாசிப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்திப் படிப்பார். என் கணவருக்கு அது பிடித்திருந்தது.

தேர்வு அன்று நான் கேட்டுக்கு வெளியே மற்றவர்களின் அப்பா அம்மாக்களோடு நின்றிருந்தேன். இரண்டு பேரும் வெளியே வந்தபோது சர்ச் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கிலீஷ் நன்றாகப் போனதாம். கணக்கில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஒரு கார் எங்கும் நிற்காமல் போனால் இவ்வளவு வேகம், வழியில் நின்று நின்று போனால் இவ்வளவு, ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று.

"திருப்பிப் படிக்கச் சொன்னாரும்மா. படிச்சேன். இன்னொரு வாட்டி கேட்டாரு. அப்பறம் பேச்சே இல்ல. அடுத்ததுக்குப் போலாமா தம்பின்னு கேட்டா, இருங்கன்னாரு. நான் விடை சொல்லக் கூடாதில்ல, என்ன செய்வேன்? கணக்குக்குன்னு தனி டைமு. அது அப்பிடியே முடிஞ்சிபோச்சி."

நானும் அவரும் வீட்டில் போட்ட கணக்குத்தான் அது. ஒரே வரியில் முடியும். தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆட்டோவில் அல்சூர் ஏரி தாண்டும்போது அவராகவே பேசினார்.

"கார் நிக்கிதுன்னு படிச்சாரு. அந்த டயர்க் கட வாசல்தான் வந்துது. எங்க நிக்கிது, எதுக்கு நிக்கிது... அதுலேந்து எறங்க முடியல."

தேறவில்லை. அதற்கடுத்த மாதங்களில் மிச்சமிருந்த பார்வையும் போனது. எந்த நாள் என்று சொல்ல முடியாது. ஒரு காலையில் விளக்கைப் போடச் சொன்னார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "எரியுது" என்றேன். "சரி" என்றார். இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம்.

பழைய முதலாளி நல்ல மனுஷர். பொம்மனஹள்ளி ஆபீஸில் உட்கார்ந்து டிரைவர்களின் போனை எடுக்க, வழி சொல்ல ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டார். இவர் ஆசையாகப் போனார். ஆனால் எல்லா டிரைவர்களுக்கும் போனில் இருந்த மேப்பே வழி சொல்லியது. இவரிடம் யாரும் கேட்கவில்லை. பகல் முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருந்து, சம்பளம் மட்டும் வாங்குவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. தானாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த வருஷம் விண்ணப்பம் போடும்போது, "நீயும் எழுது" என்றார். நான் மறுத்தேன். "எல்லாக் கணக்கும் ஒன் வாயாலதான வருது. வீட்ல ஒருத்தருக்குக் கெடச்சாப் போதும்" என்றார். எனக்கு வயது வரம்பு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே போட்டேன். அவருக்காகத்தான் படித்தேன். எனக்கென்று தனியாக ஒரு நாளும் உட்காரவில்லை. ஆனால் ஒரே கேள்வியை முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில், பிறகு அவர் கேட்கும்போது மறுபடியும் என்று படித்துப் படித்து எல்லாம் எனக்குள் இறங்கியிருந்தது.

முதல் கட்டத்தில் இரண்டு பேருமே தேறினோம். வீட்டில் அன்று பாயசம் வைத்தேன். இரண்டாம் கட்டமும் முடிந்து கடைசி முடிவு வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய எண்ணைத்தான் முதலில் போட்டேன். இல்லை. இன்னொரு முறை போட்டேன். இல்லை. அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"ஒன்னுது?"

நான் அதற்குள் பார்த்திருந்தேன். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் எழுத்தில் இருந்த எல்லாவற்றையும் அவருக்குப் படித்துச் சொன்னவள் நான். அந்த ஒரு வரியைப் படிக்க முடியவில்லை. அவரே, "பாஸ்தான?" என்றார்.

"ம்."

எழுந்து கையை நீட்டினார். நான் நின்ற இடம் கொஞ்சம் தள்ளியிருந்தது. கை காற்றில் நின்றது. நான் போய் அந்தக் கைக்குள் நின்றேன். என் தலையைத் தடவி, நல்லதுதானே, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். பிறகு எதையோ பேச வேண்டும் என்பதற்காக, எனக்கு வேகம் தூரத்தில் எத்தனை கேள்வி வந்தது என்று விசாரித்தார். இரண்டு, இரண்டும் சரி, அதில் ஒன்று லாரிக் கணக்கு என்றேன். அப்போது கொஞ்சம் சிரித்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

வேலை கிடைத்தது பெங்களூரில் இல்லை. ஷிமோகா தாண்டி ஒரு சின்ன ஊர். பாக்கும் மழையுமான ஊர். அவரையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே அவரால் இருக்க முடியவில்லை. மர்பி டவுனில் எங்கள் சந்தின் திருப்பம், கால்வாய் மூடி, பால் கடை எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். யாராவது தமிழில் கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்த ஊரில் நான் வங்கிக்குப் போனதும் அவருக்கு நாலு சுவர்தான். ஓட்டில் மழை விழும் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சுகூடக் காதில் விழாது. மூன்றாவது மாதம் அவரே சொன்னார், நான் மர்பி டவுனிலேயே இருக்கிறேன், நீ வந்து வந்து போ என்று. என் அம்மா வீடு அடுத்த சந்தில் இருந்ததால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை என்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அதற்கு மட்டும் கோபப்பட்டார்.

இப்போது இரண்டாம், நாலாம் சனிக்கிழமைகளில் வருகிறேன். இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டுக் காத்திருக்கிறேன். அவருக்கு வயதில் இன்னும் சலுகை இருக்கிறது, அதனால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் தவறுகிறது.

போன தடவை வந்தபோது காலை நேரம். கதவு திறந்துதான் இருந்தது. காதில் வயரை மாட்டிக்கொண்டு, கையில் போனோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது, விரல் போனின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. தோளைத் தொட்டதும் திரும்பி, வந்துட்டியா, பஸ் கூட்டமா என்று கேட்டார். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். வயரின் ஒரு பக்கத்தை எடுத்து, தடவிப் பார்த்து என் காதில் வைத்தார்.

ஒரு பெண்ணின் குரல். மனுஷக் குரல் மாதிரியே இல்லை. தானியத்தைத் தகர டப்பாவில் கொட்டுவதுபோல் ஒரே இரைச்சலாக ஓடியது. ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை.

"இது என்னாங்க, எந்த பாஷ?"

"இங்கிலீஷ்தான். போனு படிக்கிது. வேகத்த ஏத்தி வெச்சிருக்கன். பழகிடுச்சி" என்றார். "ஒனக்கோசரம் கொறைக்கட்டா?"

குறைத்தார். அப்போது புரிந்தது. ஆற்றோட்டத்தில் படகு போகும் கணக்கு. அந்தக் குரல் நாலு விடைகளையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் சரியானதைத் தட்டிவிட்டது. அடுத்த கேள்வி வரும்வரை சும்மா காத்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"ஒங்க வேகத்துக்கே வெச்சிக்கோங்க" என்றேன்.

ஏற்றிக்கொண்டார். நான் வயரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் வந்து நின்று டிபனுக்குக் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் எழுந்து போய், இதோ வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.